திரும்பி வருவதற்கான காரணம்

நாற்பத்தெட்டு வயதில் மாணவனாகிவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவு செய்தேன்.

உள்ளூர் மாணவன் இல்லை. வெளிநாட்டு மாணவன். விசா வாங்கி, விமானம் ஏறி, பனி பெய்யும் ஒரு ஊரில் ஒரு வருஷம் தங்கிப் படிக்கப்போகிற மாணவன்.

முடிவெடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதையும் பத்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பதினோராவது நிமிஷம் கதவு தட்டப்படும்.

"என்னங்க, உள்ள தண்ணிச் சத்தமே கேக்கலையே? குளிக்கிறீங்களா, யோசிக்கிறீங்களா?"

"குளிக்கிறேன்மா."

"யோசிக்கிறதா இருந்தா வெளிய வந்து யோசிங்க. எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

"வரேன், வரேன். துண்டு எங்க?"

"உங்க தோள்ல இருக்கும் பாருங்க."

தோளில்தான் இருந்தது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இதைச் சொல்கிறாள். இப்படிப்பட்டவளுக்குத் தெரியாமல் நான் வெளிநாடு போகப்போகிறேன். என் துணிச்சலை நீங்கள் மெச்சத்தான் வேண்டும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவறைக் காப்பாளர். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பத்திரம் வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்தக் கட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஐந்தே நிமிஷத்தில் பத்திரம் கையில் இருக்கும். வீட்டில் என் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டால் மட்டும் தெரியாது. அது என் மனைவியின் இலாகா.

அவள் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். இரண்டு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டேப்ளர், பதினெட்டு வருஷ அனுபவம். இந்த வட்டாரத்திலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் கடைக் கண்ணாடிமேல் பாஸ்போர்ட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனவர்கள்தான். எந்த நாட்டுக்கு எந்த ஃபாரம், எதில் எந்த மூலையில் கையெழுத்து என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

முந்தின நாள் எங்கள் அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பு. யார் ஒட்டினார்களோ தெரியாது. 'ஆவணப் பாதுகாப்பு. ஓராண்டுப் படிப்பு. பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் காகிதங்களைக் கையாண்டவர்கள் விண்ணப்பிக்கலாம். வயது தடையில்லை. படிப்பும் தங்குமிடமும் கல்லூரியின் செலவு.' கீழே ஒரு படம். தங்கப்போகும் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பனி.

படிப்பைப் பற்றி அப்புறம்தான் யோசித்தேன். முதலில் என் கண்ணில் பட்டது அந்த நாற்காலி. அதன்மேல் துணி இல்லை!

எங்கள் வீட்டில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் மடிக்க வேண்டிய துணி இருக்கும். ஒன்றில் மடித்த துணி இருக்கும். மூன்றாவதில் நான் போய் உட்கார்ந்தால், "அங்க உக்காராதீங்க, இஸ்திரிக்குப் போறத அதுலதான் வைக்கணும்" என்று குரல் வரும். இருபத்து மூன்று வருஷ இல்லறத்தில் நான் நின்றுகொண்டே செய்தித்தாள் படிக்கக் கற்றிருக்கிறேன்.

அன்றைக்குப் பதிவறையில் எனக்கு வேலையே ஓடவில்லை. பழைய கட்டுகளை அவிழ்த்தபோது எழும்பிய தூசி, ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அது தூசி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பனி என்றே வைத்துக்கொண்டேன். அந்த வெள்ளை அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன், கவனியுங்கள். கையில் சூடாக ஒரு கோப்பை தேநீர். வெளியே மரமெல்லாம் வெள்ளை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாரும் மோட்டாரை நிறுத்தச் சொல்லவில்லை. நான் ஒரு பக்கம் படிக்கிறேன், பிறகு ஜன்னலைப் பார்க்கிறேன், பிறகு அதே பக்கத்தை இன்னொரு தரம் படிக்கிறேன். ஒரு வருஷம் முழுக்க இதுதான் வேலை.

"சார், அறுபத்தேழாம் வருஷத்துப் பத்திரம் கேட்டேனே?" என்று யாரோ கேட்டார்கள்.

"பனி நின்னதும் தரேன்" என்று சொல்லிவிட்டேன்.

மனைவியிடம் சொல்லிவிட்டே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் அவள் தடுக்கமாட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்வியில் என் தீர்மானம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். முன்னே ஒரு தரம் புல்லாங்குழல் கற்பது என்று தீர்மானித்தேன். "ஊதறதுக்கு நீங்க சரி, கேக்கறதுக்கு யாரு?" என்றாள். அந்தப் புல்லாங்குழலில் இப்போது சமையலறைத் திரை தொங்குகிறது. ஆகவே இந்த முறை விசா கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று சபதம் செய்தேன்.

முதல் சிக்கல் அன்று மாலையே வந்தது. என் சான்றிதழ்கள் பீரோவில். பீரோ அவள் ஆட்சியில்.

"என் டிகிரி சர்டிபிகேட் எங்கம்மா இருக்கு?"

"எதுக்கு?"

"ஆபீஸ்ல கேக்கறாங்க. சரிபார்க்கணுமாம்."

"இருபத்து நாலு வருஷம் வேலை பாத்தப்புறம் சந்தேகம் வந்துடுச்சாமா?"

"நடைமுறைம்மா."

"ரெண்டாவது தட்டு, பச்சை ஃபைல். பச்சைன்னா பச்சை. நீலத்தத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, அது என்னோடது."

கல்லூரி கேட்டது ஒரே ஒரு பிரதி. 'ஒரு செட் நகல் போதும்' என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இங்கேதான் என் தொழில் புத்தி வேலையைக் காட்டியது. பதிவறையில் எதுவாக இருந்தாலும் மூன்று பிரதி. மூலம் ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, எலி தின்றுவிட்டால் எடுத்துக்கொடுக்க ஒன்று. மூன்று பிரதி இல்லாத காகிதத்தை நான் காகிதமாகவே மதிப்பதில்லை. ஆக அறுபத்து நாலு பக்கம், மூன்று செட்.

மனைவியின் கடையில் எடுக்க முடியாது. மூன்று தெரு தள்ளி இன்னொரு கடை இருக்கிறது. அதன் உரிமையாளருக்கு டோனர் அண்ணன் என்று பெயர். பத்து விரலும் எப்போதும் கறுப்பாக இருக்கும்.

"மூணு செட்டா?" என்றார் டோனர் அண்ணன். "வீட்டுலயே கடைய வெச்சுக்கிட்டு இங்க எதுக்கு வந்தீங்க?"

"அவளுக்கு வேலை ஜாஸ்தி. தொந்தரவு பண்ண வேணாமேன்னு."

"ஏதாச்சும் ரகசியமா?"

"சேச்சே!"

"அப்ப சாயங்காலமா வாங்க."

சாயங்காலம் போனேன். மூன்று செட்டும் தயார். ஓரமெல்லாம் ஒட்டி அடுக்கி, இடது மூலையில் சாய்வாக ஸ்டேப்ளர் அடித்து, செட்டுக்கு ஒரு நிறத்தில் சீட்டு வைத்து, அவ்வளவு நேர்த்தி. ஒரு பக்கத்தில்கூட விரல் கறை இல்லை.

"அண்ணே, தொழில்ல நீங்க எங்கேயோ போயிட்டீங்க" என்றேன்.

டோனர் அண்ணன் தன் பத்து விரல்களையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "ஆமா, ஆமா" என்றார்.

கல்லூரியிலிருந்து சேர்க்கைக் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. அதை எழுபத்திரண்டாம் வருஷத்துக் கட்டுக்குள் ஒளித்துவைத்து, தினமும் மதியம் எடுத்துப் படித்தேன். விசாவுக்கு நேர்காணல் தேதியும் வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்குப் பேசி வழக்கமில்லை. என் ஆங்கிலம் முழுக்க முழுக்க அலுவலகக் கடித ஆங்கிலம். 'தங்கள் கேள்வி கிடைக்கப்பெற்றது. பதில் பரிசீலனையில் உள்ளது' என்கிற பாணியில்தான் எனக்கு வாய் வரும்.

ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஆள்.

"ஒரு உதவி பண்றியா?" என்று ஞாயிற்றுக்கிழமை காலை மெதுவாக ஆரம்பித்தேன். "எங்க மேலாளரோட மச்சினன் படிக்க வெளிநாடு போறான். அவனுக்கு இன்டர்வியூ. என்னப் பயிற்சி குடுக்கச் சொன்னாரு."

"உங்களையா?"

"ஏன், எனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. மேலாளருக்கு மச்சினன் மேல கோவமோன்னு நினைச்சேன்."

"நீ ஆபீசர் மாதிரி கேள்வி கேளு. நான் மச்சினன் மாதிரி பதில் சொல்றேன்."

அவள் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியிலிருந்து மடித்த துணியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்கேலை மேசையில் வைத்தாள். நான் துணி மூட்டையோடு எதிரே நின்றேன்.

"ஏன் இந்தப் படிப்பு?"

"காகிதங்களைப் பாதுகாப்பது என் வாழ்நாள் லட்சியம்."

"மச்சினனுக்கு என்ன வயசு?"

"இருபத்தி... ரெண்டு."

"இருபத்தி ரெண்டு வயசுல வாழ்நாள் லட்சியமா? சரி. இதே படிப்ப உங்க ஊர்ல படிச்சா ஆகாதா?"

"அங்க பனி... அங்க வசதி அதிகம்."

"வீட்ல யார் யார் இருக்காங்க?"

"மனைவி மட்டும்."

"மச்சினனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆகல. ஆகப்போகுது. ஒருவேளை ஆனா."

அவள் ஸ்கேலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"கடைசிக் கேள்வி. படிச்சு முடிச்சுட்டு ஏன் திரும்பி வருவீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பனி பெய்ய ஆரம்பித்துவிட்டது. மேசை, ஜன்னல், தேநீர், அந்த நிசப்தம். திரும்பி வருவது என்ற யோசனையே இதுவரை எனக்குத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் தோன்றியது.

"என்னங்க?"

"ம்?"

"ஏன் திரும்பி வருவீங்கன்னு கேட்டேன்."

"அத அவன் பாத்துப்பான்."

"பாத்துக்க முடியாது. விசா குடுக்கறதும் குடுக்காததும் இந்த ஒரு கேள்வியிலதான் இருக்கு. கடைக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் இதுக்குத்தான் ராத்திரி பகலா மனப்பாடம் பண்ணுதுங்க. இதுக்கு ஒரு பதில வெச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க உங்க மச்சினன."

"மேலாளரோட மச்சினன்."

"அவனத்தான்."

நேர்காணல் நாள் காலையில் பல்வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஃபைலைச் சட்டைக்குள் செருகியிருந்ததால் கொஞ்சம் நிமிர்ந்தே நடக்க வேண்டியிருந்தது. "பல் வலிக்குது, முதுகு நிமிருதே" என்று மட்டும் சொன்னாள்.

விசா அலுவலகம் பெரிய கூடம். வரிசை வரிசையாக நாற்காலிகள், எதிலும் துணி இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்து உட்கார்ந்தேன். குளிரூட்டிக் காற்று பிடரியில் அடித்தது. அந்த நாட்டுக் காற்றை இப்போதே கொஞ்சம் அனுப்பிவைத்திருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் டோக்கன் நாற்பத்தொன்று. பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பழக்கமான சோப்பு வாசனை வந்தது.

கண்ணைத் திறந்தேன். என் மனைவி. பீரோவைவிட்டு வெளியே வராத நீலப் புடவையில், மடியில் ஒரு நீல ஃபைலோடு.

எனக்கு உண்மையாகவே பல் வலித்தது.

"நீ எங்க இங்க?"

"கஸ்டமர் வேலை. நீங்க பல் டாக்டர்கிட்டன்னு கிளம்புனீங்க?"

"வழியில மேலாளரோட மச்சினன்... அவனுக்கு இடம் பிடிச்சு வைக்கச் சொன்னாரு."

"பல்லு?"

"வலி நின்னுடுச்சு."

"நல்ல டாக்டர். பாக்காமலே நின்னுடுச்சே."

அவள் கஸ்டமருக்காக வந்திருக்கிறாள் என்று நான் நம்பினேன். நம்பியது மட்டுமா? புதிதாக வருகிறவள் தடுமாறுவாளே என்று, எந்தக் கவுன்டர், எங்கே கைரேகை என்று விவரமாக எடுத்துச் சொன்னேன். பதினெட்டு வருஷம் விசா ஃபாரம் நிரப்பியவள் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் நான்தான்.

நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள்.

"மச்சினன் இன்னும் வரலையே" என்றாள்.

"நான் போய்... அவன் வரலேன்னு சொல்லிட்டு வரேன்."

"சொல்லிட்டு வாங்க. சட்டைப் பொத்தான் ஒண்ணு மேல போயிருக்கு, சரி பண்ணிக்கிட்டுப் போய்ச் சொல்லுங்க."

ஐந்தாம் கவுன்டர். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் தலைமுடியோடு ஓர் அம்மாள். பேசுவதற்கு மைக். அந்த அம்மாள் பேசுவது மட்டுமில்லை, நான் பேசுவதும் கூடத்தின் முதல் மூன்று வரிசைக்குக் கேட்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் கேள்விகளையெல்லாம் அலுவலகக் கடித ஆங்கிலத்தில் சமாளித்துவிட்டேன். அந்த அம்மாள் இரண்டு தரம் சிரித்தாள்கூட.

"நீங்கள் இப்படிப் படிக்கப் போவது பற்றி உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?"

"இதுவரை தகவல் அனுப்பப்படவில்லை."

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"படிப்பு முடிந்ததும் ஏன் திரும்பி வருவீர்கள்?"

பதில் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். வேலை இருக்கிறது, பதிவறை இருக்கிறது, வீடு இருக்கிறது என்று மூன்று பிரதியாக. ஆனால் அந்த அம்மாளுக்குப் பின்னால் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. அதில் ஒரு ஜன்னல். ஜன்னலில் பனி. நான் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. ஒரு வெள்ளை அறை என்றேன். அதில் ஒரே ஒரு நாற்காலி என்றேன். காலையில் எழுந்தால் கூப்பிடுகிற குரலே இருக்காது என்றேன். பனி விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அந்த அம்மாளையே கேட்டேன். சத்தம் இருக்காது என்றாள். "அதேதான், அதேதான்!" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சரி. ஏன் திரும்பி வருவீர்கள்?"

கண்ணாடிக்கு அருகில் குனிந்து, பணிவாகக் கேட்டேன்.

"திரும்பி வந்தே ஆகணுமா, அம்மா?"

அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டாள். முடிவைத் தபாலில் அனுப்புகிறோம் என்றாள். நான் மிதந்துகொண்டே வெளியே வந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"முடிஞ்சுது. வா, போலாம்."

"நீங்க போங்க. எனக்கு இனிமேதான்."

அவள் எழுந்து ஐந்தாம் கவுன்டர் பக்கம் போனதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் கதவைத் திறந்து வெயிலில் இறங்கினேன். தெருவெல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நான் இந்த ஊரிலேயே இல்லை. சாலையைக் கடக்கும்போது சறுக்கிவிடாமல் காலை ஊன்றி நடந்தேன். பதிவறையில் மப்ளர் கட்டிக்கொண்டேன். வீட்டில் மனைவி எது சொன்னாலும், ஒரு வருஷம் இந்தக் குரல் கேட்காதே என்ற பரிவோடு கேட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள், கேட்காவிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி யோசித்தேன். நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. பனியை வரவழைத்து அதை மூடிவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் கூரியர் வந்தது. அவள் கடையில் இருந்தாள். ஒரு உறைக்குக் கையெழுத்துப் போட்டேன். கூரியர்காரர் இன்னொரு உறையையும் நீட்டினார்.

"இது வேற யாருக்கோ இருக்கும்."

"இதே விலாசம் சார். உங்க வீட்டம்மா பேரு."

என் உறையைப் பிரித்தேன். பாஸ்போர்ட் போனபடியே திரும்பி வந்திருந்தது. பக்கமெல்லாம் காலி. கூடவே ஒரு கடிதம். 'தாங்கள் படிப்பு முடிந்து நாடு திரும்புவீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை.' அலுவலகக் கடித ஆங்கிலம். என் மொழியிலேயே என்னை அடித்திருந்தார்கள்.

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வெள்ளை அறையில் விளக்கை யாரோ அணைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இரண்டாவது உறை ஞாபகம் வந்தது. அதைப் பிரிக்கத் தைரியமில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அவள் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் வந்து வந்து போனது.

"இது உன் பேருக்கு வந்திருக்கு."

"பிரிச்சீங்களா?"

"இல்ல."

"உங்களுது?"

"எனக்கென்ன வரப்போகுது? மேலாளரோட மச்சினனுக்குத்தான்... கிடைக்கலையாம்."

"அடப்பாவமே. நல்ல பையன்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கேலால் உறையின் ஓரத்தைக் கிழித்தாள். பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். நடுவில் ஒரு பக்கம் முழுக்க வண்ண வண்ணமாக விசா. அதில் அவள் முகம், காது இரண்டும் தெரிய.

"கஸ்டமர் வேலைன்னியே?"

"நானும் ஒரு கஸ்டமர்தானே."

"எப்போலேர்ந்து?"

"டோனர் அண்ணன் மிஷின் நின்னுபோன நாள்லேர்ந்து. மூணு செட் போட்டா அது நிக்காம என்ன பண்ணும்? எங்களுக்குள்ள ஒருத்தர் மிஷின் நின்னா வேலைய அடுத்த கடைக்கு அனுப்பறதுதான வழக்கம். நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு பக்கம் வந்துச்சு. முதல் பக்கத்துல உங்க மூஞ்சி."

சாய்வாக அடித்த ஸ்டேப்ளர். வண்ணச் சீட்டு. இருபத்து மூன்று வருஷமாகப் பார்க்கிற கை. ஐம்பது வருஷத்துப் பழைய கையெழுத்தையே கண்டுபிடித்துவிடுகிறவன், இதைக் கண்டுபிடிக்கவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

மிஷின் இரண்டு காகிதம் தள்ளியது. அவள் அவற்றை எடுத்து ஓரம் தட்டி அடுக்கினாள்.

"கோவம்தான் வந்துச்சு முதல்ல" என்றாள். "மூணு செட்டையும் கிழிச்சுப் போட்டுடலாம்னு இருந்துச்சு. அப்புறம் அந்தக் கட்டுலயே இருந்த அறிவிப்பப் படிச்சேன். பதினஞ்சு வருஷம் காகிதத்தக் கையாண்டவங்கன்னு போட்டிருந்துச்சு. நான் வேற எதக் கையாண்டேன்? ஊர்ல இருக்கறவங்க போறதையெல்லாம் ரெண்டு பக்கமும் நகல் எடுத்துக் குடுத்தேனே தவிர, நானும் போலாம்னு யாரும் சொல்லல. அப்புறம் அந்தப் படத்தப் பாத்தேன். அந்த நாற்காலி."

"நீயுமா?"

"வீட்ல நாற்காலி மேல இருக்கற துணியெல்லாம் யாரு மடிக்கறதுன்னு நினைச்சீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்ப வெட்கமாக இருந்தது. என் வெள்ளை அறையில் இத்தனை நாளாக அவள் இல்லை. அவள் வெள்ளை அறையிலும் நான் இருந்திருக்கமாட்டேன். அது நியாயம்தான் என்று புத்திக்குப் பட்டது, மனசுக்குத்தான் வலித்தது.

"அன்னைக்குக் கவுன்டர்ல நான் பேசுனது உனக்குக் கேட்டுச்சா?"

"மூணு வரிசைக்குக் கேட்டுச்சு." மிஷின் மூடியை மூடினாள். "பனி விழற சத்தம் எப்படி இருக்கும்னு கேட்டீங்களே, எனக்கும் அழுகை வந்துடுச்சு. அங்க போனதும் உங்களுக்கு லெட்டர்ல எழுதணும்னு நினைச்சுக்கிட்டேன்."

அந்த நொடியில் நான் ஓர் உயர்ந்த மனிதனானேன். தோற்றவன் உயர்வதற்கு வேறு வழி கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, குடும்பத் தலைவனுக்குரிய குரலில் சொன்னேன்.

"போயிட்டு வா. ஒரு வருஷம்தானே? வீட்ட நான் பாத்துக்கறேன். கடையையும் பாத்துக்கறேன். என் முழு சம்மதத்தோட போ."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவள் கண் எங்கோ தூரத்தில் இருந்தது. அங்கே பனி பெய்துகொண்டிருந்தது என்பதை என்னைத் தவிர யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்?

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றேன். "அந்தக் கேள்விய உங்கிட்டயும் கேட்டாங்களா? ஏன் திரும்பி வருவீங்கன்னு?"

"கேக்காம?"

"என்ன சொன்ன?"

"வீட்டுக்காரர் இருக்காரு, அவருக்காக வந்துதான் ஆகணும்னு சொன்னேன்."

நெஞ்சு விம்மியது. "உடனே நம்பிட்டாங்களா?"

"எங்க? எல்லாரும் இதையேதான் சொல்றாங்கன்னு சொல்லிட்டாங்க. கல்யாண சர்டிபிகேட் குடுத்தேன். போட்டோ குடுத்தேன். அதெல்லாம் ஆதாரம் ஆகாதுன்னாங்க. அப்புறம், இப்ப இங்க நின்னு அழுதுட்டுப் போனாரே, அவர்தான்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

அவள் பாஸ்போர்ட்டோடு பின் குத்தியிருந்த சீட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். 'திரும்பி வருவதற்கான காரணம்' என்று அச்சடித்த கட்டத்தில் 'கணவர்' என்று அவள் எழுதியிருந்தாள். பக்கத்தில், 'இணைத்துள்ள ஆதாரம்' என்ற கட்டத்தில், அந்த வெள்ளைத் தலை அம்மாள் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்:

'கணவரை நேரில் பார்த்துவிட்டேன். மேற்கொண்டு ஆதாரம் தேவையில்லை.'